எதிரே ஒரு கல்

காபி குடித்து முடித்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு இடது கையை நீட்ட வேண்டும். காக்கிச் சட்டை போட்ட பெண் அதிகாரி மணிக்கட்டுக்கு மேலே ஊசி போடுவார். கொசு கடித்த அளவுக்குத்தான் வலி. அந்த நொடியிலிருந்து ஐந்து நாளைக்கு மூளையில் பதிவதில் எல்லாம் ஒரு சாயம் ஏறும். ஐந்தாம் நாள் ஆற்றை விட்டு வெளியே வரும்போது ஒரு விளக்கின் கீழே உட்கார வைப்பார்கள். சாயம் பட்டதெல்லாம் அழிந்துவிடும்.

திருமாறனுக்கு இது ஐந்தாவது ஊசி. முதல் முறை மனைவி அல்லியோடு வந்தான். அடுத்த மூன்று வருடமும் தனியாக வந்தான். இப்போதும் தனி.

வராந்தா வரிசையில் அவனுக்கு முன்னால் ஒரு தம்பதி நின்றிருந்தார்கள். பொன்ராஜ், எஸ்தர். உடன்குடிப் பக்கம் இரும்புக்கடை. ஐம்பதை ஒட்டிய வயது.

"அப்போ அஞ்சு நாளு கண்டது கேட்டது ஒண்ணும் தங்காதா மேடம்?" என்றார் பொன்ராஜ்.

"தங்காது சார். உடம்புக்குக் கிடைக்கிற தெம்பு தங்கும். ஊருக்குப் போய் நல்லாத் தூங்குவீங்க. கை பழகின வேலையும் போகாது. துடுப்புப் போடக் கத்துக்கிட்டா அது உங்களுக்குத்தான்."

"மறக்கதுக்கா இம்புட்டுத் தூரம் வரணும்?"

அதிகாரி இதை ஆயிரம் முறை சொல்லியிருப்பார். முகத்தில் சலிப்பில்லை. "இதுக்கு முன்னாடி பத்து ஆறு பொதுமக்களுக்குத் திறந்து விட்டோம். வந்தவங்க போட்டோ போட்டாங்க, வழி சொன்னாங்க. மூணே வருசம். கரை நெடுக பாட்டில், பிரியாணிக் கடை, கார். இது பதினொண்ணாவது ஆறு. பொது நிலம், யார் வேணா வரலாம். யாராலயும் வழி சொல்ல முடியாது. அதுக்குத்தான் இந்த ஏற்பாடு."

"எம்பொண்டாட்டிக்கு மட்டும் ரெண்டு ஊசியா போடுங்க. ஒண்ணு பத்தாது."

"இவுகளுக்கு ஊசியே வேண்டாம் மேடம்," என்றாள் எஸ்தர். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டியன்னு கேளுங்க. முழிப்பாக."

பொன்ராஜ் ஊசி போட்டுக்கொண்டு செருப்பை ஒப்படைக்க நகர்ந்ததும், இன்னும் ஊசிக்குக் கை நீட்டாத அவள் திருமாறன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி தனியாவா வந்திருக்கிய?"

"ஆமா."

"ஆத்துல என்ன சொன்னாலும் வெளியில வராதாமே. எங்க தெருவுல ஒருத்தி சொன்னா. புருசன்கிட்ட வாய்விட்டுத் திட்டணும்னே வந்தாளாம்." குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் ஒரு விசயம் கேக்கணும் இவுகள்ட்ட. இருபது வருசமாச்சு. வீட்டுல வச்சுக் கேட்டா அப்புறம் அது வீட்டுலயே கெடக்கும் பாத்தியளா. இங்கன்னா கேட்டுட்டு விட்டுட்டுப் போயிரலாம்."

அவன் தலையாட்டினான். அவனுக்கும் ஒன்று கேட்க வேண்டும்.

அல்லியைப் பற்றி அவனிடம் இருக்கும் கடைசி நினைவு இந்த வராந்தாதான். மேலுதட்டில் காபி நுரையோடு அவள் ஊசிக்குக் கையை நீட்டினாள். அடுத்த நினைவு வெளியேறும் அறை. ஒரு பெஞ்சு, கையில் ஒரு தாள். 'நான்காம் நாள், பரிசல் கவிழ்ந்து, நீரில் மூழ்கி.' இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை. எப்படிக் கவிழ்ந்தது, அவள் என்ன சொன்னாள், தான் எங்கே இருந்தோம், ஒன்றும் தெரியாது. அழுவதற்குக்கூட ஒரு பிடிப்பு வேண்டியிருக்கிறது. காரியத்தன்று வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று கேட்டுக்கொண்டு நின்றான். கல் நெஞ்சுக்காரன் என்று அல்லியின் சித்தி சொன்னது காதில் விழுந்தது. அதுவும் வலிக்கவில்லை.

துறைக்கு எழுதிப் போட்டான். 'விதிகளின்படியே நடந்தது' என்று ஒரு வரியில் பதில் வந்தது. அதனால் வருடத்துக்கு ஒருமுறை விண்ணப்பித்து உள்ளே வந்தான். பரிசல்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது, தெரிந்ததை எப்படியாவது வெளியே கொண்டுபோவது. இதுதான் திட்டம். மூன்று முறையும் தோள் கறுத்து, உள்ளங்கை காய்த்து, வெறும் கையோடு திரும்பினான். யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான்.

இந்த முறை கால் கட்டைவிரல் நகத்தை வெட்டாமல் வளர்த்திருந்தான். பேனா, காகிதம் எதையும் விட மாட்டார்கள். நகத்தைப் பறிக்க மாட்டார்கள் அல்லவா. தோலில் கீறிக்கொள்ளலாம்.

ஊசி ஏறியது.

*

ஜன்னல் கறுத்த வேனில் மூன்று மணி நேரம். இறங்கினால் மருத மரங்கள், அடியில் ஆறு. ஏப்ரல் மாதத்துத் தண்ணீர், பாறைகளுக்கு நடுவில் பச்சையாகக் கிடந்தது. இரண்டு பரிசல்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. தம்பதிக்கு ஒன்று, திருமாறனுக்கு ஒன்று.

அவனுடைய பரிசல்காரர் நாற்பத்தைந்து வயதிருக்கும். காதோரம் மட்டும் நரை. "வாங்க சார்," என்றார். பெயர் மாதையன் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. அவருக்கு அவனை முன்பே தெரியும் என்பது அந்த ஒரு 'வாங்க'விலேயே தெரிந்தது.

பரிசலை நீரில் தள்ளியதும், மரத்தடியில் கிடந்த ஒரு கல்லைத் தூக்கி வந்து அவனுக்கு எதிர்ப்பக்கம் வைத்தார். ஆட்டுக்குட்டி அளவு வழவழப்பான கருங்கல்.

"இது எதுக்குண்ணா?"

"பரிசல் வட்டமில்லீங்களா. ஒரு பக்கம் ஆள் குந்துனா எதிர்ப்பக்கம் அதே கனம் குந்தணும். மொகத்துக்கு மொகம், முட்டிக்கு முட்டி. ரெண்டு கையும் விளிம்புல. தனி ஆளா வந்தா கல்லு. மேல ஏத்துறதும் கீழ எறக்குறதும் நம்ம வேல."

அவன் இடதுபுறம் உட்கார்ந்தான். எதிரே கல் உட்கார்ந்திருந்தது. மாதையன் முன்னால் மண்டியிட்டுத் துடுப்பைப் போட்டார். முதல் வளைவிலேயே அவனும் மாற்றுத் துடுப்பை எடுத்து, நீரை எட்டுப் போல வளைத்து இழுத்தான். பரிசல் சுற்றாமல் நேராகப் போனது. யாரும் சொல்லிக் கொடுத்த நினைவில்லை. கை தானாகச் செய்தது.

"மறக்கல பாத்தீங்களா," என்றார் மாதையன் துடுப்பை நிறுத்தாமல்.

மீன்கொத்தி ஒன்று கூடவே வந்தது. மணல்திட்டில் ஒரு முதலை வாயைத் திறந்துகொண்டு வெயில் காய்ந்தது. பின்னாலிருந்த பரிசலில் பொன்ராஜ் அதற்கு வணக்கம் சொன்னார். அழகான இடம் என்பது அவனுக்குத் தெரிந்தது. விலைப்பட்டியலைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு வந்தான்.

"அண்ணா, நாலு வருசத்துக்கு முன்னாடி அல்லின்னு ஒருத்தங்க..."

"இந்த வாட்டி மொத நாளே கேக்கறீங்க," என்றார் மாதையன். "எப்பவும் ரெண்டாம் நாள் மத்தியானந்தான் கேப்பீங்க."

துடுப்பு அவன் கையில் நின்றது.

"நான் ஏற்கெனவே கேட்டிருக்கேனா?"

"மூணு வாட்டி."

"நீங்க?"

"மூணு வாட்டியும் சொல்லியிருக்கேன். நாளைக்குச் சொல்றன். களி தின்னுட்டுக் கேளுங்க. வெறும் வயித்துல கேட்டா உங்களுக்கு ஆகறதில்ல. போன வருசம் வாந்தி எடுத்துட்டீங்க."

*

இரண்டாம் நாள் மத்தியானம், மணல்திட்டு. களியும் மீன் குழம்பும் ஆயிற்று. கையைக் கழுவிவிட்டு மாதையன் சொல்ல ஆரம்பித்தார். பலமுறை சொன்னவர்களுக்கு வரும் சீரான குரல்.

"மூணாம் நாள் சாயங்காலம் அடுப்பு மூட்டிட்டு இருந்தன். நீங்க ரெண்டு பேரும் அந்தாண்ட பாறை மேல. அவங்களுக்குக் கொழந்த தங்காம போன வருசம் அது. தெரியுமில்லீங்களா?"

"தெரியும். அஞ்சாம் மாசம்."

"அதப் பத்திப் பேச்சு வந்துச்சி. நீங்க சொன்னீங்க. ஆத்துல சொல்றதுதானே, எப்படியும் மறந்துரும், சொல்லிடறேன்னு சொல்லிட்டுத்தான் ஆரம்பிச்சீங்க. கொழந்த போனப்போ எனக்கு நிம்மதியா இருந்துச்சின்னீங்க."

திருமாறன் மணலைப் பார்த்தான். ஒரு எறும்பு மீன் முள்ளை இழுத்துக்கொண்டிருந்தது. தான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டோம் என்று தோன்றவில்லை. நிம்மதியாக இருந்தது உண்மை. அதை யாரிடமும் சொன்னதில்லை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தான்.

"அவ என்ன சொன்னா?"

"அன்னிக்கு ஒண்ணும் சொல்லல. சோறு தின்னாங்க. மறுநாள் காலைல பரிசல் ஏறும்போது உங்க எதிர்ல குந்தாம, என் பக்கம் வந்து உங்களுக்கு முதுகு காட்டிக் குந்திக்கினாங்க. என்னப் பாத்தாப்புல. மொகம் பாத்துக் குந்துங்கம்மான்னு நான் சொல்லணும். ரூல் அதுதான். சொல்லல. ஒரு ராத்திரி முழுக்க மொகம் பாக்காதவங்கள மொகம் பாருன்னு எப்பிடிச் சொல்றது? ரெட்டப் பாறை சந்துல தண்ணி இழுத்துச்சி. கனம் எல்லாம் என் பக்கம். சாஞ்சிருச்சி. நீங்க விளிம்ப விடல. அவங்க விளிம்பையே புடிக்கல. அதான் சார் சங்கதி. சொன்னது நீங்க. குந்த விட்டது நான்."

அவன் யோசித்தது ஒன்றைத்தான். அவன் சொன்னது அவனுக்கு மறந்துவிட்டது. அவளுக்கு மறக்க நேரமே கிடைக்கவில்லை. ஆற்றில் சொன்னது ஆற்றோடு போய்விடும் என்று நம்பித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அவளும் ஆற்றோடு போவாள் என்பது கணக்கில் இல்லை.

"இந்த தடவை இதை விட மாட்டேன். கால்ல கீறிக்கிட்டாவது..."

"மொத வருசமும் அதான் சொன்னீங்க. அந்த வருசம் என்னை ரெண்டு அறை அறஞ்சீங்க, அப்புறம் கீறிக்கறேன்னீங்க. கீறல. ரெண்டாவது வருசமும் கீறல."

"விளக்குல அழிஞ்சிருக்கும். இல்ல, அவங்க மருந்து போட்டு..."

"இல்லீங்க." மாதையன் முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குக் கீறவே வேண்டாம். உள்ள யாராச்சும் செத்துட்டா கூட இருந்த சொந்தக்காரங்களுக்கு வெளக்கு கட்டாயமில்ல. வெளிய போகும்போது அந்த மேடம் தனி ரூம்புக்குக் கூட்டிட்டுப் போயி கேப்பாங்க. நீக்கவா, வச்சிக்கறீங்களான்னு. அவங்க செத்த வருசமே கேட்டாங்க. அப்புறம் வந்த ஒவ்வொரு வருசமும் கேட்டாங்க. நாலு வாட்டியும் நீக்குன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதான். யாரும் உங்க கிட்ட இருந்து எடுக்கல சார்."

திருமாறன் "ஓ" என்றான்.

கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டு, "ஒவ்வொரு தடவையும் சொல்ல உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?" என்று கேட்டான்.

"எனக்கு ஊசி கெடையாதே. நாங்க மறந்துட்டா பாறை எங்க இருக்குதுன்னு யாருக்குத் தெரியும்? இந்த ஆத்துல பேசுன அத்தன குடும்பத்துப் பேச்சும் எங்க தலையிலதான் கெடக்குது. உங்க ஒருத்தர் கிட்டதான் திருப்பிச் சொல்ல முடியுது." சிரித்தார். "அதுவும் இதோட சரி. அடுத்த வருசத்துல இருந்து தானா ஓடுற பரிசல் வருதாம். பாறை, சுழி எல்லாம் அதுக்கே தெரியுமாம். ஆளுங்க வேண்டாமாம்."

"அப்போ அடுத்த வருசம் நான் வந்தா?"

"கல்லு இருக்கும்," என்றார் மாதையன். "அதக் கேளுங்க."

*

மூன்றாம் நாள் சாயங்காலம், இரண்டு பரிசல்களும் ஒரே மணலில் ஒதுங்கின. எஸ்தர் மீனுக்கு மசாலா தடவிக்கொண்டிருந்தாள். பரிசல்காரர்கள் செய்ததில் உப்பு போதவில்லை என்று முதல் நாளே பொறுப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். திருமாறன் பத்தடி தள்ளி ஒரு பாறையில் சாய்ந்திருந்தான். அவர்கள் அவனைப் பொருட்படுத்தவில்லை. எப்படியும் அவனும் மறந்துவிடப் போகிறவன்தானே.

"ஏங்க, ஒண்ணு கேக்கட்டா? உண்மையச் சொல்லணும்."

"கேளு."

"சின்னவன் பொறந்த வருசம். உங்க அம்மைக்கும் எனக்கும் பேச்சு முத்துன அன்னைக்கு. ஒரு பைய எடுத்துக்கிட்டு, கைப்பிள்ளையோட ரோட்டுல போயி நின்னேன். வீட்டைவிட்டுப் போறதுன்னு முடிவு பண்ணித்தான் நின்னேன். பஸ் வந்துச்சு. கையக் காட்டுனேன். நிக்காமப் போயிட்டு. அதுக்கடுத்த பஸ்ஸுக்கு ரெண்டு மணி நேரம். பிள்ள அழுதான். திரும்பி வந்துட்டேன்." மீனைத் திருப்பிப் போட்டாள். "அந்த டிரைவர் என் மொகத்தப் பாத்துட்டே போனான். எனக்கு அப்பவே சந்தேகம்."

பொன்ராஜ் சுள்ளி ஒன்றை ஒடித்தார். "செல்லையா."

"என்னது?"

"டிரைவர் பேரு செல்லையா. என்கூட எட்டாப்பு படிச்சவன். பைய நீ அடுக்கும்போதே பாத்துட்டேன். சைக்கிள்ல முந்திப் போயி மேல ஸ்டாப்புல அவனப் புடிச்சேன். நிக்காதலேன்னு கால்ல விழாத குறையா சொன்னேன்."

எஸ்தர் அடித்துவிடுவாள் என்று நினைத்தான் திருமாறன். அவள் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மீன் கருகியது.

"இருபது வருசமா ஏன் சொல்லல?"

"சொன்னா அடுத்த பஸ்ஸுல போயிருவியேன்னுதான்."

அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். "கிறுக்குப் பய மவனே," என்றாள் கணவரைப் பார்த்து. பிறகு கருகிய மீனை அவர் தட்டில் போட்டாள். முதல் நாளிலிருந்து அடுப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்தவர்கள், அன்று ஒரே பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

நாளை மறுநாள் இது இருக்காது என்று திருமாறன் நினைத்தான். நினைப்பில் வருத்தம் இல்லை. ஒரு தகவல் போல இருந்தது.

*

நான்காம் நாள் காலை இரட்டைப் பாறை. இரண்டு கரும்பாறைகளுக்கு நடுவில் ஆறு ஒடுங்கி, சத்தம் மாறி, ஒரு பக்கமாக இழுத்தது. "புடிச்சிக்கோங்க," என்றார் மாதையன். சொல்லும் முன்பே அவன் இரண்டு கையும் விளிம்பில் இறுகியிருந்தன. எதிரே கல் ஒரு அங்குலம் நகர்ந்தது, நின்றது. நீர் முகத்தில் அறைந்தது. பத்து விநாடி. பரிசல் ஒரு மடுவுக்குள் வந்து மெல்லச் சுற்றியது. தண்ணீர் அசையாமல் கிடந்தது.

மாதையன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டார். நேராக்க முயலவில்லை. பரிசல் தன்போக்கில் சுற்றியது.

"ஒண்ணு மட்டும் உங்ககிட்ட எந்த வாட்டியும் சொன்னதில்ல."

"என்ன?"

"அது உங்களுக்குச் சொன்னதில்ல. எங்கிட்ட குடுத்தது. உங்ககிட்ட குடுத்தா வெளக்குக்குக் கீழ வச்சிட்டுப் போயிருவீங்க. அதான் வச்சிருந்தேன். இனிமே வச்சிருந்து என்னா பண்றது, நானே போறன்."

அவன் அவர் பக்கம் திரும்பினான்.

"அன்னிக்குக் காலைல, நீங்க பல்லு வெளக்கப் போனப்போ, எங்கிட்ட வந்தாங்க. 'அண்ணா, இத மறக்காம வெளிய கொண்டு போக வழி இருக்கா'ன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. அந்தக் கருமத்த எதுக்கும்மா வச்சிக்கற, விட்டுட்டுப் போயேன்னேன். அதுக்கு அவங்க சொன்னாங்க. 'கொழந்த போனப்போ ஆஸ்பத்திரில அவரு எனக்கு அவ்ளோ ஆறுதல் சொன்னாரு. பொய்யின்னு அப்பவே தெரிஞ்சுது. அன்னைல இருந்து நான் தனியாத்தான் இருக்கேன். நேத்துதான் மொத மொத உண்மையச் சொல்லியிருக்காரு. இத வச்சிக்கிட்டா வீட்டுக்குப் போயி ஒரு சண்டையாவது போடலாம். சண்ட போட்டா பொழச்சிக்குவோம்.'"

திருமாறனின் கை விளிம்பிலேயே இருந்தது.

"நான் வாய வச்சிக்கினு சும்மா இருந்திருக்கலாம்," என்றார் மாதையன். "சொன்னேன். தலைல இருக்கறது போயிரும்மா, கை பழகினது மட்டுந்தான் போகாதுன்னேன். பேச்சுக்குச் சொன்னது. அவங்க அதப் புடிச்சிக்கிட்டாங்க."

"கை பழகினதுன்னா?"

"அவங்க என்னா வேல பாத்தாங்க?"

"காது கேக்காத பிள்ளைங்க ஸ்கூல்ல டீச்சர்." சொன்ன பிறகுதான் அவனுக்குப் புரிந்தது.

"ஆமா. பரிசல்ல முதுகு காட்டிக் குந்துனது கோவத்துல இல்ல. நீங்க பாத்துட்டா ஏன்னு கேப்பீங்கன்னு. கை பாஷையில அதையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கினு வந்தாங்க. காலைல இருந்து இந்தப் பாறை வரைக்கும் ஒரு எரநூறு வாட்டி போட்டிருப்பாங்க. கையில ஏத்திக்கறாங்க. அதான் விளிம்பப் புடிக்கல. நான் எதிர்ல பாத்துக்கினே இருந்தேன். எனக்கு அந்த பாஷ தெரியாது. எரநூறு வாட்டி பாத்ததுல எங்கைக்கே வந்துருச்சி."

அவர் துடுப்பைக் கீழே வைத்தார். கறுத்த, வெடித்த கைகள். விரல் நுனிகளைக் கூரை போலச் சேர்த்தார். பிரித்தார். ஒரு கையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் முன்னால் நீட்டினார். ஆள்காட்டி விரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினார். உள்ளங்கையை நெஞ்சில் வைத்து மெல்லக் கீழே இறக்கினார். கடைசியாக இரண்டு கைகளையும் விரித்து, புருவத்தைத் தூக்கினார். அந்தப் புருவம்கூட அல்லியுடையது.

மறுபடி செய்தார். மறுபடி.

கல்யாணமான புதிதில் அவள் வகுப்புக்குப் போய் உட்கார்ந்திருக்கிறான். சில சைகைகள் அந்தப் பிள்ளைகளே உண்டாக்கியவை. நெஞ்சைத் தடவிக் கை இறங்கினால், மணியடித்துப் பள்ளி விட்ட நிம்மதி.

"என்னா சொல்லுது சார் இது? நாலு வருசமா கேக்கணும்னு."

"வீடு," என்றான் திருமாறன். "வீட்டுக்குப் போய் கேளு. அவனை. நிம்மதி, ஏன்."

மாதையன் தலையாட்டினார். "அவ்ளோதானா," என்றார். "நான் ஏதோ பெருசா இருக்கும்னு நெனச்சன்."

பரிசல் இன்னொரு சுற்று சுற்றியது. ஏன் நிம்மதி என்று அவளிடம் சொல்லியிருக்கலாம். படுக்கையில் கிடந்த அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட பிறகு, வீட்டில் இன்னொரு உயிர் தன் கையை நம்பி இருக்கும் என்ற பயம். பெரிய விஷயம் இல்லை. சொல்லியிருந்தால் அவள் நாலு நாள் பேசாமல் இருந்திருப்பாள், ஐந்தாம் நாள் திட்டியிருப்பாள். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

*

ஐந்தாம் நாள், கரையேறும் துறை. பரிசலைக் கரைக்கு இழுக்கும் முன் மாதையன் கல்லைத் தூக்கினார். எப்போதும் அதை வண்டியில் ஏற்றி மேலே கொண்டுபோய் மரத்தடியில் வைப்பாராம். இப்போது விளிம்பின் மேல் கொண்டுபோய்க் கையை விட்டார். தண்ணீர் வாங்கிக்கொண்டது. பரிசல் அவன் பக்கம் சாய்ந்தது. அவன் எழுந்து நடுவில் நின்றான்.

"வரேண்ணா."

"வராதீங்க சார்," என்றார் மாதையன்.

பொன்ராஜையும் எஸ்தரையும் இடதுபுறக் கதவுக்குக் கூட்டிப் போனார்கள். போகும்போது எஸ்தர் கணவர் கையைப் பிடித்திருந்தாள். திருமாறனை அதிகாரி வலதுபுற அறைக்கு அழைத்தார். ஒரு மேசை, ஒரு தாள், இரண்டு கட்டங்கள். 'நீக்குக.' 'வைத்திருக்கிறேன்.'

அவர் பேனாவை முதல் கட்டத்தின் மேலேயே வைத்து நீட்டினார். "வழக்கம்போலத்தானே திருமாறன்?"

பேனாவை எடுத்தான். அது கனமாக இருந்தது என்று சொல்ல முடியாது. சாதாரணப் பேனா. நாலு முறை இதே பேனா, இதே மேசை. கையெழுத்துப் போட்ட அந்த நாலு திருமாறன்களையும் அவனுக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. அவர்களுக்கு அவள் கைகள் தெரியாது.

இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டான்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "யோசிச்சுப் பண்ணுங்க. பண்ணிட்டா திரும்ப நீக்க முடியாது. இன்னைக்கு விட்டா சாயம் கரைஞ்சு நினைவு மட்டும் தங்கிடும்."

"சரி."

"நீங்க உள்ள கேட்ட, பார்த்த எல்லாமே தங்கும். கூட வந்தவங்க பேசினது உட்பட. அதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. அவங்ககிட்டயே கூட. இங்க ஒரு கையெழுத்து."

அதையும் போட்டான்.

ஜன்னல் கறுத்த வேன் கிளம்பியது. முன் இருக்கையில் பொன்ராஜ் சாய்ந்து தூங்கிவிட்டார். எஸ்தர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் காபி குடிச்சோம், கையப் பாருங்க தம்பி, கருகருன்னு. ஏதோ சுட்ட தழும்பு வேற." முகம் தெளிந்திருந்தது, நன்றாகத் தூங்கி எழுந்தவள் போல. "நீங்க வரிசையில பின்னாடி நின்னியதான?"

"ஆமா."

"உங்களுக்கும் ஒண்ணும் ஞாபகம் இல்லியா?"

அவள் அவன் கண்களைப் பார்த்தாள். ஐந்து நாள் ஆற்றில் இருந்துவிட்டு வந்தவனின் கண்களாக அவை இல்லை. அவன் நெஞ்சுக்கு நடுவில் காலையிலிருந்து ஏதோ ஒன்று அழுத்திக்கொண்டிருந்தது. நாலு வருடம் கழித்து வந்திருக்கிறது. அதற்குப் பழக வேண்டும்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "தம்பி, நான் இவுகள்ட்ட ஒண்ணு கேக்கணும்னு சொன்னேன்லா. கேட்டேனா?"

ஒரு கையெழுத்து, சொல்லக் கூடாது என்று. பொன்ராஜ் குறட்டை விட்டார். அந்தத் தூக்கத்துக்குள் எங்கேயும் கருகிய மீன் இல்லை, எஸ்தரின் சிரிப்பு இல்லை. உலகத்திலேயே அந்தச் சாயங்காலம் இப்போது இரண்டு பரிசல்காரர்களிடமும் இவனிடமும்தான் இருந்தது.

"கேட்டேனான்னு மட்டும் சொல்லுங்க. பதில் வேண்டாம்."

மடியில் கிடந்த அவன் கைகள் விரல் நுனிகளைச் சேர்த்துக் கூரையாகின. அவனாகச் செய்யவில்லை.

"வீட்டுக்குப் போய்க் கேளுங்கக்கா," என்றான் திருமாறன். "வீட்டுல வச்சுக் கேளுங்க."

எஸ்தர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். வீடு வரைக்கும் காத்திருக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

"ஏங்க," என்று அவர் தோளைத் தட்டினாள். "எந்திரிங்க. ஒண்ணு கேக்கணும்."